குதிகாலுக்கு எடுத்த சேலை

ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் சார். பஸ் நின்றுவிட்டது எனக்கும் தெரிகிறது. டீக்கடை வாசலில்தான் நிற்கிறது, பத்து நிமிஷம்தான் நிற்கும், நான் எழுந்தால்தான் ஜன்னலோரம் இருக்கும் நீங்கள் வெளியே போக முடியும். எல்லாம் தெரிகிறது. ஆனால் நான் சட்டென்று எழ மாட்டேன். முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். இந்தக் காலைத் தூக்கி அந்தத் தொடைமேல் போட வேண்டும். விரல்களைச் சேர்த்துப் பிடித்து என் பக்கமாக இழுத்துப் பத்து எண்ண வேண்டும். அப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் தரையில் கால் வைப்பேன்.

இதைச் செய்யாமல் எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன்.

குதிகால் வலி சார். இப்போது இல்லை, பதினொரு வருஷமாக இல்லை. ஆனாலும் செய்கிறேன். சூடு கண்ட பூனை. அந்த வலிக்கு நான் பார்த்த வைத்தியங்களை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். அதில் ஒரு வைத்தியத்துக்காக எனக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. அம்பத்தேழு வயதில். பெண் மட்டும்தான் இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் கோமதிநாயகம். தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம். கடைசிப் பன்னிரண்டு வருஷம் சேலைத் தளத்துக்குச் சூப்பர்வைசர். முதல் மாடி முழுக்க என் ராஜ்யம். பிரஜைகள் முப்பத்திரண்டு பேர், அதில் இருபத்தாறு பேர் பெண் பிள்ளைகள்.

எங்கள் கடையில் வேலை பார்க்கிறவர்கள் செருப்புப் போடக் கூடாது. பின்வாசலில் கழற்றிவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். லட்சுமி நடமாடுகிற இடம். வாங்க வருகிறவர்கள் செருப்போடு வரலாம். லட்சுமி அவர்களோடுதானே வருகிறாள். தரை முழுக்க வழவழவென்று கல். காலை ஒன்பது மணியிலிருந்து கடை அடைக்கும்வரை அந்தக் கல்லில்தான் நிற்க வேண்டும்.

முன்பெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் முக்காலிகள் இருந்தன. பதினொன்று. ஆள் வராத நேரத்தில் பிள்ளைகள் மாற்றி மாற்றி உட்காரும். அந்த முக்காலிகளை எடுத்தவன் நான். முதலாளி சொல்லவில்லை சார், நானாகத்தான் போய்ச் சொன்னேன். "உக்காந்து எந்திரிக்கதுக்குள்ள கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிருதான் முதலாளி. நின்னாத்தான் சுறுசுறுப்பு." முதலாளி என் முதுகில் தட்டினார். பதினொரு முக்காலியும் மூன்றாவது மாடி குடோனுக்குப் போய்விட்டன. அதோடு விட்டேனா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்து ஒரு வாசகம் எழுதினேன். "நிற்பவரே விற்பவர்." முதலாளி அதைப் பெயிண்டரிடம் கொடுத்துப் பெரிதாக எழுதி மாட்டிவிட்டார். நல்ல வாசகம்தானே சார்? அதில் எனக்கு இப்போதும் ஒரு சின்னப் பெருமை உண்டு. மறைப்பானேன்.

அது உலகம்மாள் போன மறு வருஷம். என் மனைவி. அவள் போனபிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. கடையில் யாரையும் உட்கார விடவில்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் அதை நிர்வாகம் என்று நினைத்தேன்.

வலி வந்தது ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை வைத்தேன். ஆணியை மிதித்தது மாதிரி இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன், ஆணி இல்லை. தரையைத் தடவினேன். பாயை உதறினேன், போர்வையை உதறினேன், டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் தேடினேன். அதற்குள் நடந்த நடையில் வலி போய்விட்டது. ஆணியும் இல்லை, வலியும் இல்லை, சரி என்று குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். மதியம் சாப்பிட்டு எழுந்தால் மறுபடி அதே ஆணி. ராத்திரி கடையிலிருந்து வந்து நாற்காலியில் இருந்து எழுந்தால் மறுபடி அதே ஆணி. பத்து நாள் நான் ஆணிதான் தேடிக்கொண்டிருந்தேன் சார்.

கடையில் யாரிடம் கேட்பது? சூப்பர்வைசருக்குக் கால் வலி என்று தெரிந்தால் அந்த போர்டுக்குக் கீழே நான் எப்படி நிற்பேன்? அதனால் கேஷியர் பூதத்தான் அண்ணாச்சியிடம், "அம்பாசமுத்திரத்துல என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் குதிகால் வலி" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, எருக்கெலைதான்" என்றார். "செங்கல்லைச் சுட வையும். அது மேல பழுத்த எருக்கெலையா நாலஞ்சு அடுக்கும். குதிகாலை வச்சு வச்சு எடுக்கச் சொல்லும். மூணே நாளு."

பக்குவமாகச் செய்தால் இதமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். நான் செய்தது வேறு. கேஸ் அடுப்பில் செங்கல்லை ஏற்றிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு நாலஞ்சு இலை எதற்கு, ஒன்று போதும், சூடு நன்றாக இறங்கும் என்று மிதித்தேன். வலித்த இடம் தாங்கிக்கொண்டது. வலிக்காத இடமெல்லாம் கொப்பளித்துவிட்டது. மறுநாள் பூதத்தான் அண்ணாச்சி, "உங்க தங்கச்சி மாப்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்காரு" என்றேன், ஒற்றைக் காலில் நின்றபடி.

அதற்குப் பிறகு ஒரு தைலம். பிறகு இன்னொரு தைலம். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்கியது. உப்பு போட்ட வெந்நீர். பழைய துணியை மடித்துக் குதிகாலில் வைத்துக் கட்டிப் பார்த்தேன், அது நழுவிக் கணுக்காலுக்கு வந்து சலங்கை மாதிரி நின்றது. கடைசியில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். தென்காசியில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் இல்லையா.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு லேசா முள்ளு மாதிரி வளந்திருக்கு" என்றார். குதிகாலில் கொம்பு முளைக்கிறது என்றே நினைத்துவிட்டேன்.

"பயப்படாதீங்க. இது வலியே இல்லாத நெறையப் பேருக்கும் இருக்கும். உங்க பிரச்சினை இது இல்ல. உள்ளங்கால்ல, குதிகால்லேருந்து விரல் வரைக்கும் ஒரு நார்ப்பட்டை ஓடுது. அது நொந்து போயிருக்கு. தூங்குறப்ப சுருங்கிக் கெடக்கும். எந்திரிச்சு மிதிச்சதும் வெடுக்குனு இழுபடுது. அதான் முதல் நாலு அடி உயிர் போகுது. நடக்க நடக்கக் குறையுது. காலையில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறீங்களா?"

ஆமாம் என்றேன். சொன்னவுடன் எனக்கு உலகம்மாள் ஞாபகம் வந்தது. அவள் காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுக்களைக்குப் போவாள். தூக்கக் கலக்கம் என்று நான் கேலி செய்வேன். இருபது வருஷத் தூக்கக் கலக்கம்.

சரி, அதை விடுங்கள்.

டாக்டர் கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்க?"

"ஜவுளிக் கடையில சூப்பர்வைசர்."

"உக்காந்து பாக்குற வேலைதானே?"

"உக்காரவே கூடாதும்மா."

"யார் சொன்னா?"

"நான்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். மெத்தென்ற ரப்பர் செருப்பு, வெறுங்காலோடு வீட்டுக்குள் கூட நடக்கக் கூடாது. எழும் முன் விரலை இழுத்துவிட வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஃபிரிட்ஜில் உறைய வைத்து அதை உள்ளங்காலால் உருட்ட வேண்டும். மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷமாவது உட்கார வேண்டும். "மாத்திரையால போறது இல்ல இது. பொறுமையாச் செஞ்சா சில மாசத்துல போயிரும்" என்றார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் முக்கியமானது இரண்டு. செருப்பு போடச் சொன்னார், எங்கள் கடையில் கூடாது. உட்காரச் சொன்னார், நான் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் நான் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தேன். குதிகால் தரையில் படக் கூடாது அல்லவா. அதன் பலன் என்ன தெரியுமா? பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். சத்தமில்லாமல் வந்து பிடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஒரு கவுண்டர் பக்கம் போனால் அடுத்த கவுண்டரில் ஒருத்தி தானாகச் சேலையை உதறி மடிப்பாள். அந்த மாதம் வியாபாரம் கூடியது. முதலாளி, "வே கோமதி, என்னவே மந்திரம் போட்டீரு?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். சிரித்ததற்குப் பாதிக் காரணம் வலி.

ஹாரன் அடிக்கிறானா? இல்லை, அது எதிர் பஸ். உங்கள் டீயைக் கெடுக்கிறேன். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முப்பிடாதி என்று ஒரு பெண். முப்பது முப்பத்தொன்று வயது இருக்கும், கீழப்பாவூர்ப் பக்கம். புருஷனுக்குக் கல் குவாரியில் கை போய்விட்டது, இரண்டு பிள்ளைகள், இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பட்டு செக்‌ஷனில் அவள் சேலையை விரித்தால் வேண்டாம் என்று சொல்ல வந்தவள் கூட இரண்டாக எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாள் ஸ்டாக் ரூமுக்குள் நுழைகிறேன், இவள் ரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில். உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, விளையாட்டா இங்க?"

"ஐயோ அண்ணாச்சி. குதிகாலு. நிக்க முடியல."

"உனக்குமா?"

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது சார். அவள் என் காலைப் பார்த்தாள். நான் நின்றிருந்த நிலையைப் பார்த்தாள்.

"உங்களுக்குமா அண்ணாச்சி?"

"எனக்கென்ன கேடு? பாட்டிலைக் குடு இங்க. கடை நேரத்துல இதெல்லாம் கூடாது."

பறிமுதல் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிரவு நான் உருட்டினேன். சுகமாக இருந்தது. மறுநாள் அவள் வேறு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். அதைப் பறிக்கவில்லை. என் பெருந்தன்மை அது.

இனி தீபாவளி. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக் கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் ஆள் மேல் ஆள். கைக்குழந்தை கவுண்டர் மேல் உட்கார்ந்து சேலையில் மூத்திரம் போகும். காலையிலிருந்து ஆறு மணி நேரம் நின்றேன். மூன்று மணி வாக்கில் குதிகாலில் தீ வைத்தது மாதிரி ஆகிவிட்டது. பட்டு செக்‌ஷனில் வாங்க வருகிறவர்களுக்கென்று மெத்தை நாற்காலிகள் போட்டிருப்போம். ஒன்று காலியாக இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த அதே வினாடி, மாடிப்படியில் முதலாளியின் வெள்ளை வேட்டி.

எழலாம் என்று பார்த்தால் கால் வரவில்லை. எழுந்தால் முதல் அடியில் விழுவேன் என்று தெரிகிறது. அப்போது என் மடியில் தொப்பென்று ஒரு சேலை வந்து விழுந்தது. அரக்குச் சேலை, கடுகு மஞ்சள் பார்டர். எதிரே முப்பிடாதி. கஸ்டமரிடம் பேசுகிற குரலில் சொல்கிறாள்: "இந்தக் கலரைப் பாருங்க அண்ணாச்சி. முந்தி எப்படி இருக்குன்னு பாருங்க. பிடிக்கலைன்னா வேற காட்டுதேன்."

முதலாளி வந்து நின்றார். "என்னவே, உக்காந்திருக்கீரு?"

"சேலை எடுக்கேன் முதலாளி."

"சேலையா? யாருக்கு?"

அம்பாசமுத்திரத்தில் எனக்குச் சொந்தத் தங்கை இருக்கிறாள் சார். தீபாவளிக்கு வருஷா வருஷம் சேலை எடுத்துக் கொடுக்கிறவன் நான். அவள் பேர் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. உலகம்மாள் போய் மூன்று வருஷம் என்பது முதலாளிக்குத் தெரியும். நான் சொன்னேன்: "ஒரு ஆளுக்கு."

முதலாளியின் முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும். "அட! சொல்லவே இல்லையேவே! நல்ல காரியம், நல்ல காரியம். எத்தனை நாளைக்குத்தான் ஓட்டல் சாப்பாடு. எந்த ஊரு?"

"கடையத்துப் பக்கம்."

"பையப் பாத்து எடும்வே. எந்திரிக்காதீரும். ஏ முப்பிடாதி, நல்லதாக் காட்டு."

அரை மணி நேரத்தில் நாலு மாடிக்கும் தெரிந்துவிட்டது. பூதத்தான் அண்ணாச்சி பில் போடும்போது, "உங்க தங்கச்சி மாப்பிள்ளை குதிகாலு சரியானதும் அவரே முன்னால நின்னு நடத்தட்டும்" என்றார். எனக்கு எல்லாக் கணக்கும் குழம்பிப்போனது. சேலையை வாங்கிக்கொண்டேன், என்ன செய்ய. பிறகு தங்கைக்குத்தான் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கலரு மதினிக்குல்லா நல்லா இருக்கும்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். கட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், மறுநாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணத்தில் ஒரு வசதி இருந்தது சார். மறுநாள் அந்தச் சேலைக்கு ரவிக்கைத் துணி பார்க்க உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த மணி, தாலி கட்டும்போது உடுத்த வேறு சேலை பார்க்க. அதற்கடுத்து, பெண்ணின் அம்மாவுக்கு ஒன்று. மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம், டாக்டர் சொன்ன அளவு அப்படியே. முதலாளி பார்த்தால், "உக்காரும்வே, உக்காரும்" என்பார். மூன்றே நாளில் வலி பாதியாகக் குறைந்தது. எருக்கிலையால் ஆகாதது இல்லாத பெண்ணால் ஆனது.

எனக்குச் சேலை காட்டிய பிள்ளைகள் நின்றுகொண்டுதான் காட்டினார்கள். அது அப்போது என் கண்ணில் படவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். சாயங்காலம் நாலரை, கூட்டம் கொஞ்சம் தணிந்திருந்தது. முப்பிடாதி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. பிரிக்காத சேலைக் கட்டு ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி பின்பக்கப் படி வழியாக வந்தார். நேராக அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, சரக்கு மேல உக்காந்து வியாபாரமா? வே கோமதி, சட்டம் போட்டது நீரு. இன்னையோட இவளை அனுப்பிரும்."

இதை அவர் சொன்னபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மெத்தை நாற்காலியில். மடியில் மூன்று ரவிக்கைத் துணி.

அந்த இடத்தில் நான் எழுந்து நின்று நியாயம் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். எழுந்து நின்றது உண்மை. மரியாதைக்கு எழுந்தேன். "சரி முதலாளி" என்றேன்.

"அப்புறம், தீபாவளியன்னைக்கு பொண்ணு வீட்டுக்காரங்களை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாரும். எங்க வீட்டம்மா பாத்தே ஆகணும்ங்கா." சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

முப்பிடாதி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவருக்கும் அதே வலிதான், இந்தக் கல்யாணமே பொய்தான் என்று. சொல்லவில்லை. கவுண்டரில் விரித்துக் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். வேலை போன பிறகும் ஓரம் ஓரத்தோடு சேர்த்துத்தான் மடித்தாள்.

பக்கத்தில் போய்க் கேட்டேன்: "நீ ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களையும் அனுப்பிருவாரு. அப்புறம் இந்த மாடிக்கு வேற ஒருத்தன் வருவான். உங்களை விட மோசமா வந்துட்டான்னா? இந்தப் பிள்ளைங்க பாவம்லா."

என் மேல் அவளுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள் சார்.

"நாளைக்கு வழக்கம்போல வா" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வான்னா வா."

மூன்றாவது மாடியில் முதலாளி அறை. படி ஏறினேன். கதவைத் தட்டி உள்ளே போய், "முதலாளி, பொண்ணு இல்ல" என்றேன்.

"அடடா, வேண்டாம்னுட்டாளா?"

"ஆளே இல்ல முதலாளி."

"கடையம்னு சொன்னீரே?"

"குதிகால் வலி முதலாளி."

"யாருக்கு, அந்தப் பொண்ணுக்கா?"

"எனக்கு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆடியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி தேடியது, செங்கல், டாக்டர், நாற்காலி, முப்பிடாதி என் மடியில் சேலையைப் போட்டது. கடைசியில், "அந்தப் பிள்ளைக்கும் இதே வலிதான் முதலாளி. அதான் உக்காந்துட்டா" என்றேன்.

"ஏம்வே, குதிகால் வலிக்குன்னு சொல்ல வெக்கப்பட்டுக் கல்யாணம்னு சொன்னீரா?"

"ஆமா முதலாளி."

"கிறுக்கராவே நீரு?"

"ஆமா முதலாளி."

அவருக்குக் கோபம் நான் உட்கார்ந்ததில் இல்லை. அவர் வீட்டம்மா அதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம். "நாளைக்குக் காலையில சாமி கும்பிடுறப்ப எல்லார் முன்னாலயும் நீரே சொல்லும். பொய் உம்முடையதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். அந்தப் பிள்ளை விஷயத்தை அதுக்கப்புறம் பாக்கேன்" என்றார்.

கடை திறக்குமுன் தினமும் கீழ்த்தளத்தில் எல்லா மாடிக்காரர்களும் வரிசையாக நின்று சாமி கும்பிடுவோம். தீபாவளிக்கு முந்தின நாள் காலை, எழுபது பேருக்கு மேல். ஷட்டர் இன்னும் தூக்கவில்லை. முப்பிடாதி கடைசி வரிசையில் வந்து நின்றாள். சூடம் காட்டி முடித்ததும் முதலாளி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன்.

"எனக்குக் கல்யாணம் இல்ல. எனக்குக் குதிகால் வலி" என்றேன்.

எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு மாசமா இருக்கு. முக்காலியை எடுக்கச் சொன்னது நான்தான். தப்புதான். உங்கள்ல யாருக்கெல்லாம் இந்த வலி இருக்கோ, கையைத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. ஒன்று கூட. முப்பிடாதி கூடத் தூக்கவில்லை. எழுபது பேரும் நெற்றியில் திருநீற்றோடு, அசையாமல், நேராக நிற்கிறார்கள். இரண்டு வருஷம் நான் கொடுத்த பயிற்சி அது. அவ்வளவு நல்ல சூப்பர்வைசராக இருந்திருக்கிறேன்.

"சரி, எல்லாரும் உக்காருங்க" என்றேன்.

யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிடிப்பதற்கு இது ஒரு புது வழி என்று நினைத்தார்கள் போல. முதல் வரிசையில் ஒரு பிள்ளை, பதட்டத்தில், இன்னும் விறைப்பாக நின்றது.

வேறு வழி தெரியவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கல் தரையில், சாமி படத்துக்கு முன்னால், சம்மணம் போட்டு. எவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பின் வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்துப் பெண் உட்கார்ந்தாள். பிறகு ஒரு வரிசை. பிறகு இன்னொரு வரிசை. கேஷியர் பூதத்தான் அண்ணாச்சி, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர், அவரும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கடைசியில் அந்தத் தளத்தில் நின்றுகொண்டிருந்தது முதலாளி ஒருவர்தான். கையில் சூடத் தட்டு.

சுற்றிப் பார்த்தார். வெளியே ஷட்டரைத் தட்டுகிறார்கள், முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் ஷட்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது.

"எந்திரிங்கம்மா, எந்திரிங்க! நல்ல நாளும் அதுவுமா, இழவு விழுந்த வீட்டுல உக்காருத மாதிரி வரிசையா உக்காந்திருக்கீங்க. தொறந்ததும் பாக்கவன் என்ன நினைப்பான்? துட்டி கேட்டுட்டுல்லா போவான்! ஏ முப்பிடாதி, ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு மேல போ. அந்த முக்காலியை எல்லாம் எறக்கு. இனிமே உக்காரணும்னா அதுல உக்காருங்க, தரையில உக்காந்து கடையைத் துட்டி வீடாக்கிராதீங்க!"

பேர் சொல்லி வேலை சொல்லிவிட்டார் பாருங்கள். அவளை அனுப்புகிற பேச்சு அதோடு போயிற்று.

முக்காலிகள் தூசியோடு இறங்கின. எங்கள் மாடியில் கவுண்டருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஆனால் ஒருத்தி கூட உட்காரவில்லை. எல்லாரும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். நான் முதலில் உட்கார வேண்டும், மரியாதைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் சார். ஒரு முக்காலியைக் கூட இழுத்தேன்.

முப்பிடாதி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணாச்சி, நீங்க கொஞ்ச நேரம் கீழ போயிட்டு வாங்க. நீங்க இங்க நின்னா ஒருத்தியும் உக்கார மாட்டா."

போனேன். பாதிப் படி இறங்கும்போது பின்னால் முக்காலிகளைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று எண்ணினேன். பதினொன்று எண்ணிய பிறகுதான் அடுத்த படிக்குக் காலை வைத்தேன்.